பழைய கல்லின் வயிற்றில் இருப்பது

காய்ந்த கருவாட்டைப் பையில் போட்டுப் பேருந்தில் கொண்டு போகலாம். பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிப்பதோடு சரி. அதையே ஒரு சட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு நாள் மறந்துவிட்டால் வீட்டுக்குள் நிற்க முடியாது. கடல்மீன் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியிலிருந்து எடுத்து மாடியில் காயப்போட்ட பழைய கல்லும் அப்படித்தான். காய்ந்திருக்கும்வரை சாது. நனைந்த பிறகுதான் அதற்குள் என்ன இருந்தது என்பது தெரியும்.

எனக்கு அது நான்காம் நாள் தெரிந்தது. தொட்டி வைப்பதை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து இருபது கிலோ அளவுக்குக் கல் வாங்கி வந்திருந்தேன். பங்குனி வெயிலில் இரண்டு வாரம் கிடந்து சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. குழாயடியில் நன்றாக அலசி, ஓடிக்கொண்டிருந்த தொட்டிக்குள் அடுக்கிவிட்டேன். நான்காம் நாள் காலையில் இரண்டு கோமாளி மீன்களும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அம்மோனியாவைச் சோதித்தால் குப்பியில் இருந்த நீர் கரும்பச்சையாக மாறியது. கல் வெள்ளையாக இருப்பதும் சுத்தமாக இருப்பதும் ஒன்று என்று நினைத்தது என் தவறு.

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் தண்ணீரில் மிதக்கும் கல்லைப் பார்க்காமல் போவதில்லை. அந்தக் கல்லின் துளைகளுக்குள் காற்று அடைபட்டிருப்பதால் அது மிதக்கிறது. நம் தொட்டிக் கல்லின் கதை வேறு. இதன் துளைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்து உள்வரைக்கும் போகும்; தண்ணீர் மெதுவாகப் புகுந்து மெதுவாக வெளியே வரும். அந்தத் துளைகளின் சுவரில்தான் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் போன்றவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட்டாக மாற்றும். இன்னும் ஆழத்தில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், வேறொரு கூட்டம் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். கடல்மீன் தொட்டியில் கல்லை அழகுக்கு வைப்பதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் தொட்டியின் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் அதுதான்.

இந்த வேலையைச் செய்யும் துளைகளே குப்பையையும் சேர்த்து வைக்கும். பல வருடம் ஓடிய தொட்டியின் கல்லில் தின்னாத தீவனம், மீன் எச்சம், செத்த புழு, பஞ்சுயிர், பாசி என்று எல்லாம் அடைந்திருக்கும். உயிரோடு இருக்கும் கல்லில் அவற்றைத் தின்றுகொண்டே இருக்க ஆள் உண்டு. கல்லைக் காயப்போட்ட அன்றைக்கே அந்த ஆட்களும் செத்துக் குப்பையோடு சேர்ந்துவிடுகிறார்கள். மாடியில் கிடந்த என் கல்லுக்குள் பல வருடக் கருவாடு இருந்திருக்கிறது.

இந்தக் கரைக்குக் கல்லின் ரசாயனம் புதிதல்ல. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்த்தால், அது கடலிலிருந்து வெட்டிய முருகைக்கல், அதாவது பவளக்கல் என்பது தெரியும். கடந்த நூற்றாண்டில் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் படகு படகாகக் கல் வெட்டிக் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பவளக்கல், சங்கு, கிளிஞ்சல், கடைகளில் விற்கும் உலர்கல் எல்லாமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதனால்தான் ஆசிட் பட்டால் நுரைக்கிறது. பிறகு வரும் கணக்குக்கும் இதுவே அடிப்படை.

கல் வெட்டியதற்கு விலையும் கொடுத்தோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் இன்று கடல்மட்டத்துக்குக் கீழே. தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாகின. 2001-ல் பவள இனங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு என்ன பாதுகாப்போ பவளத்துக்கும் அதே. கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதே, செத்ததுதானே என்று பொறுக்கி வந்து தொட்டியில் வைப்பதும் குற்றம்தான். மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கல் கிடப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கல் வாங்கும்போதும் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நம் கடலில் எடுத்தது என்று தெரிந்தால் தொடாதீர்கள். இனி நான் பேசுவது செயற்கையாகச் செய்த கல், முறையாக விற்கப்படும் உலர்கல் இரண்டையும் பற்றித்தான். புதுக்கல் விலை நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பழைய கல் கை மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சுத்தம் செய்வது இவ்வளவு முக்கியமாகிறது.

தேய்ப்பதற்கு முன்னால் விசாரணை. நன்றாக ஓடிய தொட்டியிலிருந்து அன்றைக்கே எடுத்த ஈரக்கல் என்றால், அதைச் சுத்தம் செய்கிறேன் என்று கெடுக்காதீர்கள். ஒரு வாளி உப்புநீரில் முக்கி ஆட்டி, பல்துலக்கும் பிரஷால் மேலோட்டமாகத் தேய்த்து, ஈரம் காயாமல் சில மணி நேரத்துக்குள் தொட்டி மாற்றினால் போதும். குழாய்நீரில் அலசினால் அதிலுள்ள குளோரினும் உப்பில்லாத நீரின் அதிர்ச்சியும் சேர்ந்து நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

அடுத்த கேள்வி மருந்து பற்றியது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது தொட்டியிலேயே காப்பர் மருந்து ஊற்றினார்களா? மயில்துத்தத்தில் இருக்கும் அதே செம்பு கல்லோடு ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மீன் தாங்கும். இறால், நத்தை, பவளம் தாங்காது. அப்படிப்பட்ட கல்லை நான் வாங்குவதில்லை. எந்தக் கழுவலும் அதை முழுதாக எடுக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

பூச்சிகளும் உண்டு. அயிப்டேசியா என்கிற சின்னக் கடல்சாமந்தி ஒரு துணுக்கு மிஞ்சினாலும் திரும்ப முளைத்துத் தொட்டியை நிறைக்கும். குமிழ்ப்பாசி, பிரையாப்சிஸ் பாசி, கல்லில் குழாய் கட்டி வாழும் புழுநத்தை எல்லாம் அதே ரகம். இவற்றுக்கு நல்ல மருந்து நம் ஊர் வெயில்தான். இரண்டு மூன்று வாரம் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தால் இவை பிழைப்பதில்லை. பூச்சி செத்துவிட்டது, சரி. பிணம் உள்ளே இருக்கிறது. கருவாட்டுக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு எச்சரிக்கையை இந்த இடத்தில் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன். கல்லை வேகவைக்காதீர்கள். கொதிநீரும் ஊற்றாதீர்கள். பொத்தான் போலக் கூட்டமாக வளரும் பாலிதோவா, சோயான்தஸ் வகை உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. கடலில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று அது. சூடு அதைச் சுலபத்தில் அழிப்பதில்லை. ஆவியோடு சேர்ந்து மூக்குக்குள் போகும். அமெரிக்காவில் கொதிநீர் ஊற்றி இவற்றை ஒழிக்கப் பார்த்த ஒருவர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனது மருத்துவ ஆய்வில் பதிவாகியிருக்கிறது. காய்ந்த கல்லை வெறுங்கையால் சுரண்டுவதும் வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கல்லை நனைத்து, வெளியில் வைத்துச் செய்யுங்கள். இட்லிச் சட்டியில் அவித்தால் கிருமி போகும் என்று ஒரு அண்ணன் எனக்கு யோசனை சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் சங்கு, சிப்பி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் சதை அழுகி வெளியேறக் காலம் கொடுப்பார்கள். அப்புறம் பிளீச்சிங் பவுடர் தண்ணீர். அதற்கும் பிறகுதான் நீர்த்த ஆசிடில் ஒரு முக்கு, பளபளப்புக்காக. அழுகல், குளோரின், ஆசிட். தொட்டிக் கல்லுக்கும் இதே வரிசைதான் சரி. ஆனால் சங்கு கண்ணாடி அலமாரிக்குப் போகிறது; கல் உயிரினத்தின் நடுவே போகிறது. அதனால் நமக்கு இன்னும் சில படிகள் கூடுதல்.

குளோரின் செய்யும் வேலை எரிப்பது. துளைக்குள் உலர்ந்த சதையையும் பாசியையும் அது ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கும். வாசனையோ சோப்போ சேராத வெறும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம், 5 சதவீதம் அளவுக்கு உள்ளது, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று கலந்து கல் மூழ்க ஊற்றி ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வைக்கலாம். சிறிய மோட்டார் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டால் உள்துளைக்கும் எட்டும். பிளீச்சிங் பவுடரும் உதவும். ஆனால் அதில் கரையாத சுண்ணாம்பு நிறைய உண்டு. அப்படியே கொட்டினால் துளை அடைத்துக்கொள்ளும். முதல் நாள் இரவே தனி வாளியில் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் வடித்து எடுங்கள்.

நம் மாவட்டத்தில் நல்லதண்ணீர் எவ்வளவு அருமை என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளுக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தெருவில், கல் கழுவ ஐம்பது குடம் கொட்டினால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். நல்லவேளையாகக் குளோரின் ஊறலுக்கு நல்லதண்ணீர் தேவையில்லை. கடல்நீரிலேயே செய்யலாம். இறால் தொழிலில் கடல்நீரைக் குளோரின் போட்டுத்தான் கிருமிநீக்கம் செய்கிறார்கள். முதல் அலசலுக்கும் கடல்நீரே போதும். கடைசி ஊறலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊறல் முடிந்த தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருக்கும். அதை வாய்க்காலில் கொட்டாதீர்கள். திறந்த தொட்டியில் வெயிலில் விட்டால் சூரிய ஒளியே சில நாளில் சிதைத்துவிடும். கல்லை இரண்டு மூன்று முறை அலசிக் காயவைத்து, கடைசியாக, மிஞ்சிய குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் கரைத்த நீரில் ஊறவிட வேண்டும். இறால் பண்ணைப் பொருள் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். மிஞ்சிய குளோரின் 1 கிராமுக்கு 7 கிராம் தயோசல்பேட் என்பது பண்ணைக்காரர்கள் பிடிக்கும் கணக்கு. மூக்கில் வாடை அடிக்கவில்லை என்பதை மட்டும் நம்பாமல், குளோரின் சோதனைத் துளியும் விட்டுப் பாருங்கள்.

ஆசிட் வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பலர் முதலில் ஓடுவதே ஆசிடுக்குத்தான், நுரைப்பதைப் பார்த்தால் வேலை நடப்பது போல இருக்கும் என்பதால். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு லிட்டர் சுமார் 470 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். கூடவே நூறு லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அரைக் கிலோ கல் போய்விட்டது. அதோடு மேல்தோலில் ஒட்டியிருந்த பாஸ்பேட்டும் கொஞ்சம் போயிருக்கும். ஆனால் ஆசிட் முதலில் தொடும் இடத்தையே தின்று தீர்ந்துவிடும், உள்துளைக்குப் போய்ச் சேர்வதற்குள் வலு இழந்துவிடும். மேல் படலத்தை உரிப்பதற்கு அது நல்ல கருவி, குடலைக் கழுவ அல்ல.

செய்வதென்றால் ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர், பத்துப் பதினைந்து நிமிடம், திறந்த வெளி. தண்ணீரில் ஆசிடை ஊற்ற வேண்டும், ஒருநாளும் மாற்றிச் செய்யக்கூடாது. குளோரின் மிச்சம் இருக்கும் கல்லில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்; அது நுரையீரலைப் பொசுக்கும். இரண்டு வேலைக்கும் நடுவே அலசல், தயோசல்பேட், காயல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். குளியலறை ஆசிட் என்று கலர் கலராக விற்பதில் நிறமும் நுரைப்பொருளும் சேர்ந்திருக்கும், அது ஆகாது. கல் சிமென்ட் கலந்து வார்த்தது என்றால் ஆசிட் பக்கமே போகாதீர்கள், பிணைப்பே கரைந்து உதிரும். மிஞ்சிய ஆசிட் நீரில் உடைந்த கிளிஞ்சலைப் போட்டு நுரை அடங்கும்வரை விட்டால் வலு போய்விடும்.

பாஸ்பேட் கொஞ்சம் தந்திரமானது. குளோரின் அதைத் தொடாது. சதையை எரித்த பிறகு அதிலிருந்த பாஸ்பரஸ் அங்கேயே கிடக்கும். கால்சியம் கார்பனேட்டின் மேற்பரப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. சுற்றிலும் உள்ள தண்ணீரில் பாஸ்பேட் அதிகமானால் கல் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். அதிகத் தீவனம் போட்டு ஓட்டிய தொட்டியின் கல் ஒரு கடன் பத்திரம் மாதிரி. அதை வாங்கியவர் வட்டியோடு கட்ட வேண்டும். தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும் ஒரு வாரத்தில் பாஸ்பேட் பழைய அளவுக்கு வந்து நிற்கும், கல்லின் மேல் முடிப்பாசி வளரும். தண்ணீர் கெட்டுவிட்டது என்று நினைப்போம். கசிவது கல்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கழுவி முடித்த கல்லைப் புது உப்புநீரில் மூழ்கவைத்து, மோட்டார் ஓடவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பாஸ்பேட் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மாற்றி இன்னொரு வாரம். எண் இறங்கிக்கொண்டே வந்தால் நல்லது. பவளத் தொட்டிக்கு 0.03 முதல் 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை பொதுவாக ஏற்றுக்கொள்ளும் அளவு. இறங்காவிட்டால் லாந்தனம் குளோரைடைத் துளித்துளியாக விடலாம். அது பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளை வண்டலாகும், வடிகட்டிப் பையில் பிடிக்கலாம். இந்த வேலையை மீன் இருக்கும் தொட்டியில் செய்யாதீர்கள். தனித் தொட்டியில் என்றால் பயமில்லை.

கடைசிப் படி ஊறவைப்பது. இருட்டு, உப்புநீர், ஓட்டம், காலம். இருட்டு ஏனென்றால் வெளிச்சம் இல்லாமல் பாசி முளைக்காது. வெளிநாட்டுக் குறிப்புகளில் ஹீட்டர் போடச் சொல்வார்கள். சித்திரையில் நம் மாடியில் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டி வைத்தால் ஹீட்டரைத் தேட வேண்டியதில்லை, வெந்நீரே கிடைக்கும். வெந்நீரில் ஆக்சிஜன் குறையும், உதவிக்கு வர வேண்டிய பாக்டீரியாவும் திணறும். தொட்டியை நிழலில், தென்னங்கீற்றுக்கு அடியில் வையுங்கள். காற்றில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறும். முதல் நாளே நீர்மட்டத்தில் கோடு போட்டுவைத்து, வற்றிய அளவுக்கு நல்லதண்ணீர் விட வேண்டும். அடர்த்தி 1.025 பக்கம் இருக்கட்டும்.

கடல்நீர் எடுப்பவர்களுக்கு நம் ஊரில் ஒரு வசதி, இரண்டு கடல் இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் தென்கடல் கலங்கிக் கிடந்தால் வடகடல் அமைதியாக இருக்கும். வாடை வீசும் மாதங்களில் நேர்மாறு. படகுத்துறைக்குப் பக்கத்தில் எடுத்தால் டீசல் படலம் வரும், மழைக்கு மறுநாள் எடுத்தால் உப்பு குறைந்திருக்கும்.

புதிதாகக் கழுவிய கல் என்பது ஆள் இல்லாத வீடு. நல்ல தொட்டியில் ஓடும் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி ஊறல் தொட்டியில் போட்டால் பாக்டீரியா குடியேறும். அம்மோனியாவை 2 பிபிஎம் அளவுக்குச் சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் கல் வேலைக்குத் தயார். இதற்கு நான்கு வாரம் ஆகலாம், எட்டும் ஆகலாம். கருவாடு மிச்சமிருந்தால், நாம் எதுவும் சேர்க்காமலே அம்மோனியா ஏறும். அப்போது தண்ணீரை மாற்றிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கல்லை உடைத்துப் பார்த்து உள்ளே கருப்பும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால், ஆழத்தில் இன்னும் அழுகல் நடக்கிறது என்று பொருள்.

எல்லாம் முடிந்தும் தேறாத கல் சில உண்டு. அவற்றைக் கடலில் வீசிவிடலாம், கடலுக்குக் கல் புதிதா என்று தோன்றும். தோன்றுவதோடு நிற்கட்டும். வெளியூர் உயிர் ஒன்று ஒட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி, குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்து மூடியது 2008-ல் பதிவானது. நான் வாங்கிய இருபது கிலோவில் நான்கு கற்கள் மூன்றாவது மாதமும் பாஸ்பேட் கசிந்துகொண்டே இருந்தன. கோழிக்கூட்டின் தார்ப்பாய் காற்றில் பறக்காமல் அவைதான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கின்றன.